கள்ளூர் அவை காட்டிய முறை

ஆரணியின் நெசவுத் தெருக்களில் ஒரு பட்டுப்பாவை விரித்துக் கட்ட ஒரு வீட்டார் போதார். எதிர்வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் கைகொடுக்க வேண்டும். இன்று உதவியவர்க்கு நாளை உதவுவது அங்கே எழுதாத உடன்பாடு. ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி நெசவு நின்றால் அடுப்பெரிய அரிசி கொடுப்பவரும் அதே தெருவினர். நூல் கொடுப்பவரும், முன்பணம் தருபவரும், பெண் கொடுப்பவரும், பெண் கொள்பவரும், கோயில் திருவிழாவிற்கு வரி பிரிப்பவரும் ஒரே வட்டத்துள் அடங்குவர். இந்த நெருக்கமே எளியவர்க்கு அரண்.

ஆனால் இதே அரண் ஒருநாள் சிறையாகவும் மாறலாம். தார் சுற்றும் ஓர் இளம்பெண், “இன்னார் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்” என்று வாய்திறக்கும் நாள் அது. அவள் சுட்டும் ஆள் நூல் கொடுப்பவராக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், நாட்டாண்மையாகவே இருக்கலாம். அப்போது பெரியோர் வாயினின்று வரும் முதல் வினா, “என்ன நடந்தது?” என்பதன்று, “வெளியே தெரிந்தால் என்ன ஆவது?” என்பதே. அதன்பின் நடப்பவை யாவரும் அறிந்தவை. பெண்ணின் படிப்பு நிற்கும். அல்லது அவள் உறவினர் ஊருக்கு அனுப்பப்படுவாள். பணம் கைமாறும். கொடுமை செய்தவனுக்கே அவளைக் கட்டிவைக்கும் கொடுமையும் உண்டு. ஊர்ப்பெயர் காக்கப்பட்டதென்று எல்லாரும் அமைதியாக உறங்குவர், அவள் ஒருத்தி தவிர.

இஃது ஆரணியில் நடந்த ஏதோவொரு நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சன்று. மாந்தர் நெருங்கிவாழும் இடம் எதுவாயினும், அது நெசவுத் தெருவோ, பள்ளியோ, மடமோ, கட்சியோ, இந்நோய்க்கு இடம் உண்டு. தமிழியக்கங்களும் இதற்கு விலக்கல்ல. “நம்மவர் குற்றத்தை நாமே சொன்னால் பகைவர் நகைப்பரே” என்னும் சொல் எத்தனை இயக்கத்தாரின் வாயை அடைத்திருக்கிறது என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

மூடிமறைப்போர் தம் செயலுக்கு ஒரு பெயர் சூட்டுகின்றனர். “இது நம் பழைய வழக்கம்” என்கின்றனர். உண்மையில் தமிழரின் பழைய வழக்கம் இதுதானா? அகநானூற்றின் 256ஆம் பாட்டைப் பயின்றோர் அவ்வாறு கூறத் துணியார்.

மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அம்மருதப் பாட்டில் ஒரு செய்தி உவமையாக வருகிறது. கள்ளூர் என்னும் ஊரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தை ஒருவன் கவர்ந்துகொண்டான். பின்பு, அவளை அறியேன் என்று அவையின் முன் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அச்சூளை ஏற்று எழுந்து போகவில்லை. உண்மை அறிந்த சான்றுகளை உசாவினர். அவன் பொய்யன் என்பது தெளிந்தது. தளிர் நிறைந்த மரக்கிளையில் அவனை இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். அன்று அவையில் எழுந்த ஆரவாரத்தையே புலவர் உவமையாக்கினார்.

அவர்கள் இட்ட ஒறுப்பை இன்று எவரும் பின்பற்ற வேண்டுவதில்லை; பின்பற்றவும் கூடாது. ஒறுக்கும் உரிமை இன்று அறமன்றத்திற்கே உரியது. கொள்ளத்தக்கது அந்த அவையின் முறை. பெண்ணின் முறையீடு வாயிலிலேயே திருப்பப்படவில்லை. ஆணின் சூள் முடிவாகக் கொள்ளப்படவில்லை. தீர்ப்பு இருட்டில் பேசி முடிக்கப்படவில்லை. இன்னொன்றும் நோக்கத்தக்கது. பாட்டில் ஊரின் பெயர் உண்டு. பெண்ணின் பெயர் இல்லை. அறமில்லாதவன் என்னும் பழி அவன்மேல் மட்டுமே விழுகிறது. கள்ளூரையோ புலவர் பெரும்புகழ் வாய்ந்த ஊர் என்றே குறிக்கிறார். குற்றத்தை வெளிப்பட உசாவியதால் அவ்வூரின் பெயர் கெடவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது.

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஊரும் உண்டு. இராசத்தானில் பட்டேரி என்னும் சிற்றூரில், குயவர் குடியில் பிறந்த பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றினார். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992-இல் பலரால் வன்கொடுமைக்கு ஆளானார். ஊர் யாரை ஒதுக்கியது? அவரையே ஒதுக்கியது. அவர் வீட்டு மட்கலங்களை வாங்க மறுத்தது. கீழ்மன்றமும் 1995-இல் குற்றஞ்சாட்டப்பட்டோரை வன்புணர்ச்சிக் குற்றத்தினின்று விடுவித்தது. எனினும் அந்த ஒரு பெண்ணின் உறுதியால் எழுந்த விசாகா வழக்கில், பணியிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் நெறிமுறைகளை உச்ச அறமன்றம் 1997-இல் வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. கைத்தொழிலே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தியிடம் கலம் வாங்க மறுப்பது, நெசவுப் பெண்ணுக்கு நூல் மறுப்பதற்கு நிகர். ஊரின் கையில் உள்ள கொடிய படை அதுவே.

பேசி இணக்கம் செய்யும் மயக்கம் ஊர்மன்றங்களோடு நின்றதுமில்லை. 2015-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், ஒறுப்புப் பெற்ற ஒருவன் பாதிக்கப்பட்ட பெண்ணோடு பேசி உடன்படுமாறு சென்னை உயர் அறமன்றமே அவனைப் பிணையில் விடுத்தது. அப்பெண் உடன்பட மறுத்தார். அவ்வாண்டு சூலையில் உச்ச அறமன்றம் வேறொரு வழக்கில், வன்புணர்ச்சியில் இணக்கப் பேச்சுக்கே இடமில்லை என்று அழுத்தமாக உரைத்தது. சென்னையில் இட்ட ஆணையும் அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

பொள்ளாச்சி வழக்கு இருபுறமும் பாடம் தருவது. 2019-இல் முறையிட்ட பெண்ணின் அடையாளம் காவல்துறையாலேயே வெளிப்பட்டது. அதற்காக 25 இலக்கம் உருபா இழப்பீடு வழங்குமாறு உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. பின்னர் அடையாளம் காக்கப்பட்ட நிலையில் எட்டுப் பெண்கள் மன்றத்தில் சான்றுரைத்தனர், எவரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் மன்றம் ஒன்பதின்மர்க்கும் சாகுமளவும் சிறை விதித்தது. பெண்ணின் பெயரை மறைத்துக் குற்றத்தை வெளிப்படுத்தினால் உண்மை நிலைபெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“பொய்க்குற்றம் சுமத்துவோரும் உளரே” என்பர் சிலர். உளர், ஆதலினாலேயே உசாவல் வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் நம்பினான். கோவலன் உயிர் போயிற்று. அவனே, தனியளாய் வந்து முறையிட்ட வேற்றூர்ப் பெண்ணின் சொல்லைச் செவிமடுத்துச் சிலம்பை வருவித்து நோக்கியபோது உண்மை உணர்ந்தான். அறிந்தவன் சொல் என்று நம்புவதும் தவறு; அறியாதவள் சொல் என்று தள்ளுவதும் தவறு. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இந்நடுநிலையையே பேணுகிறது. வேண்டுமென்றே பொய் புனைந்தோர்க்கு அதில் ஒறுப்பு உண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாமை ஒன்றனாலேயே ஒரு முறையீடு பொய்யாகிவிடாது.

பத்துப் பேர்க்குக் குறைந்தோர் பணிபுரியும் இடங்களுக்காக மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழுவை அச்சட்டம் ஏற்படுத்தியுள்ளது. நான்கு தறி ஓடும் வீடும் அதன் எல்லைக்குள் அடங்கும். மூன்று திங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எழுத இயலாதவர்க்கு எழுத உதவுவது குழுவின் கடமை. இணக்கம் என்பது பெண் தானே வேண்டினாலன்றி இல்லை; அதற்கும் பணத்தை அடிப்படையாக்கக் கூடாது. பதினெட்டு அகவைக்குட்பட்ட சிறார்க்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையாயின், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அறிந்தவர் அனைவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு திங்கள் வரை சிறை உண்டு. ஊர்ப்பெயர் காப்பதாகக் கூறி மறைக்கும் பெரியவர் தாமே குற்றவாளி ஆகிறார். சிறார்க்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்களை ஒவ்வொரு நெசவுத் தெருவிலும் எழுதிவைப்பது தமிழ்த்தொண்டர் செய்யத்தக்க எளிய பணி.

சொல்லிலும் திருத்தம் வேண்டும். ‘கற்பழிப்பு’ என்னும் சொல் பெண்ணிடம் ஏதோ அழிந்ததெனக் கூறி, அழித்தவனை மறைக்கிறது. ‘வன்புணர்ச்சி’ என்பது செய்தவன் செயலைச் சுட்டுகிறது. தமிழைத் தூய்மை செய்ய முனைவோர் பிறமொழிச் சொற்களைக் களைவதோடு நில்லாமல், பழியை இடம் மாற்றும் சொற்களையும் களைய வேண்டும்.

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? மேலே நெய்து மறைத்துவிடலாம் என்று எண்ணுவதில்லை. மறைத்தால் அவ்விடைவெளி முந்தி வரை நீளும் என்பதை அறிவார். ஆதலின் தறியை நிறுத்துகிறார், இழையைத் தேடுகிறார், முடிந்தபின்பே மேலே நெய்கிறார். புடைவைக்குக் காட்டும் இந்த நேர்மையை ஊர் தன் மகளிர்க்கும் காட்டட்டும்! கள்ளூரின் பெயர் நின்றது அவ்வாறே. ஆரணியின் பெயரும் அவ்வாறே நிற்கும்.