பயில்முறை நடிகரின் பகற்பொழுது

நடிப்புக்கு ஊதியம் பெறாமல், வேறொரு தொழிலில் பிழைப்பை நடத்திக்கொண்டே மேடையேறுபவர்களின் நாடகம் ஏட்டு வழக்கில் பயில்முறை நாடகம் என்றும், பேச்சு வழக்கில் அமெச்சூர் நாடகம் என்றும் குறிப்பிடப்படுகிறது. இத்தகைய நாடகங்களைப் பற்றி எழுதப்படும் விமரிசனங்கள் பிரதியையும் இயக்கத்தையும் ஒளியமைப்பையும் விரிவாகப் பேசுகின்றன; நடித்தவர்கள் பகலில் என்ன வேலை செய்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒத்திகைக்கு வருகிறார்கள், அந்த நேரத்தை எதை விட்டுக்கொடுத்து ஈட்டுகிறார்கள் என்னும் கேள்விகளைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன. நடிகரின் பின்புலம் அவருடைய சொந்த விஷயம், கலைக்கு அது வெளியே இருப்பது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். தமிழ்ப் பயில்முறை நாடகத்தின் நூற்று முப்பது ஆண்டு வரலாறு இந்த எண்ணத்தை ஏற்பதாக இல்லை. மாலைப்பொழுது யாருக்குச் சொந்தமாக இருந்ததோ அவர்களின் நாடகமே எழுதப்பட்டது என்பதையும், அவர்களின் அலுவல் நேரமும் படிப்பும் வசதியும் சாதியும் மேடையின் வடிவத்துக்குள்ளேயே இறங்கியிருக்கின்றன என்பதையும் அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

சென்னையில் 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபை தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனரான பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது பதினெட்டு. பெல்லாரியில் வழக்கறிஞராக இருந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகக் குழு அவ்வாண்டு சென்னைக்கு வந்து நடத்திய நாடகங்களைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். படித்தவர்களும் சமூகத்தில் மதிப்புள்ள பதவியில் இருப்பவர்களும் வேடம் கட்டலாம் என்பதை அந்தக் குழு கண்முன் நிறுத்தியது. கூத்தாடி என்னும் சொல் வசையாக வழங்கிய காலத்தில் இது சிறிய செய்தியன்று. சபை என்பது இங்கே உறுப்பினர் சந்தாவில் இயங்கும் சங்கத்தைக் குறிக்கிறது. அதன் மேடையில் தோன்றியவர்களுள் பலர் வழக்கறிஞர்களாகவோ அரசு அலுவலர்களாகவோ இருந்தனர். சம்பந்த முதலியாரே வழக்கறிஞராகி, பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார். அவருடன் பல நாடகங்களில் கதாநாயகி வேடம் ஏற்ற ரங்கவடிவேலுவும் வழக்கறிஞரே. தேசிய இயக்கத் தலைவர் சத்தியமூர்த்தியும் சபையின் நாடகங்களில் நடித்தவர்.

இந்தப் பின்புலம் நாடகத்தின் உள்ளமைப்பை மாற்றியது. அக்காலத்துக் கம்பெனி நாடகம், அதாவது சம்பளத்துக்கு நடிகர்களை வைத்து ஊர் ஊராகச் சென்று நடத்தப்பட்ட தொழில்முறை நாடகம், பெரும்பாலும் பாட்டால் ஆனது; இரவு முழுதும் நீளக்கூடியது. குரல்வளம் இல்லாதவருக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. இசைப் பயிற்சியைத் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்த, மறுநாள் காலை நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ போயாக வேண்டிய மனிதர்கள் மேடைக்கு வந்தபோது, உரைநடை வசனம் முதன்மை பெற்றது. குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிக்கும் ஒழுங்கு வேரூன்றியது. ‘ஹாம்லெட்’ ‘அமலாதித்யன்’ ஆகவும், ‘வெனிஸ் வணிகன்’ ‘வாணீபுர வணிக’னாகவும் தமிழ் உடை பூண்டன. உரைநடை நாடகத்தின் வளர்ச்சியைச் சம்பந்த முதலியார் என்னும் ஒருவரின் மேதைமையாக மட்டும் எழுதுவது பாதி வரலாறு. வாதாடிப் பழகிய நாக்கும், ஆங்கிலக் கல்வியும், பத்து மணிக்குத் தொடங்கும் அலுவலும் அதன் மறுபாதி.

அதே காலத்தில் கம்பெனிகளில் வளர்ந்த சிறுவர்களின் கதை வேறு. பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட குழுக்களில் சிறுவர்கள் உண்ணவும் உறங்கவும் பாடம் கேட்கவும் அங்கேயே தங்கினர். நாடகத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் வாத்தியார் எனப்பட்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரைக் குழுவில் 1918இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயதுதான். எம்.ஜி.ஆரும் அவருடைய தமையனார் சக்ரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததற்குக் குடும்பத்தின் வறுமையே காரணம். ஒரு மேடையில் நடிப்பு என்பது இரவுச் சோற்றுக்கு வழி; மற்றொரு மேடையில் அது பகல் வேலைக்குப் பிறகு வரும் விருப்பம். முன்னதைத் தரம் குறைந்ததாகவும் பின்னதைச் சீர்திருத்தமாகவும் பார்க்கும் பழக்கம் நாடக வரலாற்று நூல்களில் நெடுநாள் நீடித்தது. கலையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பாக அது வெளிப்பட்டாலும், அதன் அடியில் கிடந்தது நடிகர்களின் பிறப்பையும் வருமானத்தையும் பற்றிய தீர்ப்பே.

சபையின் தாக்கம் சென்னையோடு நிற்கவில்லை. சம்பந்த முதலியாரைத் தம் முன்னோடியாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை அமைத்தார். படித்த குடும்பத்தினர் வேடம் புனைவது ஈழத்திலும் மெல்ல ஏற்புப் பெற்றது. தமிழகத்தில் திராவிட இயக்கம் பயில்முறை நடிகருக்கு வேறொரு முகம் கொடுத்தது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை படித்த அண்ணா, தாம் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ நாடகத்தில் காகபட்டர் வேடத்தில் தாமே நடித்தார். எந்தச் சமூக ஒழுங்கை நாடகம் எதிர்த்ததோ அந்த ஒழுங்கின் பிரதிநிதியான புரோகிதரின் வேடத்தை, அதை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் ஏற்றபோது, பார்வையாளர்கள் வேடத்தையும் அதைப் போட்டவரையும் ஒருசேரக் கண்டனர். நாடகத்தின் வாதம் பாதி அந்தக் காட்சியிலேயே நிறைவேறிவிட்டது.

1950களுக்குப் பின் சென்னையின் மேடையை நிரப்பியவர்கள் அலுவலக ஊழியர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகங்கள் எழுதி இயக்கினார், நாகேஷ் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர், சோ வழக்கறிஞர், பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். ஐந்து மணிக்கு அலுவலகம் விட்ட பிறகு ஒத்திகை. சனி, ஞாயிறு மாலைகளில் நாடகம். வெளியூர் சபாவில், அதாவது குழுக்களை அழைத்துத் தம் உறுப்பினர்களுக்காக நிகழ்ச்சி நடத்தும் சங்கத்தில், நாடகம் என்றால் தற்செயல் விடுப்பு. நடிகர் ஒருவருக்கு இடமாற்ற ஆணை வந்தால் அந்த வேடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடியும் கதை, ஏற்றி இறக்க எளிதான ஒரே அரங்க அமைப்பு, அளவான பாத்திரங்கள் என்னும் சபா நாடக இலக்கணம் இந்தக் கட்டாயங்களிலிருந்து உருவானது. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ பல குடித்தனங்கள் சேர்ந்து வாழும் ஒரே வீட்டில் நிகழ்வதும், அங்கே மாடிப்படிக்கடியில் தங்கி எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்யும் இளைஞன் மாது கதையின் நடுவில் இருப்பதும், அதை எழுதியவருக்கும் நடித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் ஒண்டுக்குடித்தனத்தின் சந்தடியும் சண்டையும் இரக்கமும் நன்கு தெரிந்திருந்ததோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவை.

அந்த மேடையின் எல்லையும் அதே பின்புலத்தால் ஆனதே. சுகுண விலாச சபையின் காலத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டினர். ஸ்திரீபார்ட் என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில் பெரும் திறமை வெளிப்பட்டது உண்மை. பிற்காலக் குழுக்கள் பலவும் தம் உறுப்பினர் வீட்டுப் பெண்களை மேடைக்கு அழைத்துவரவில்லை. பெண் பாத்திரங்களுக்குத் தொழில்முறை நடிகைகளைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தன. ஆண்கள் கலைக்காக நடித்த அதே மேடையில் பெண் கூலிக்கு நடித்தார். மதிப்பும் அதற்கேற்பப் பிரிந்தது. உழைக்கும் சாதியினரின் வாழ்க்கை அந்த நாடகங்களில் பெரும்பாலும் வேலைக்காரப் பாத்திரமாகவே நுழைந்து, சிரிப்பை உண்டாக்கிவிட்டு வெளியேறியது. இதை எழுதியவர்களின் தீய எண்ணமாகக் கொள்ளத் தேவையில்லை. ஒத்திகை அறையில் இல்லாத வாழ்க்கை பிரதியிலும் இடம்பெறுவதில்லை.

1970களின் இறுதியில் எழுந்த நவீன நாடக இயக்கம் இந்த எல்லையை உணர்ந்தே தொடங்கியது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும், ஞாநியின் பரீக்‌ஷாவும், மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கமும் சபா மேடைக்கு வெளியே இடம் தேடின. நகரத் திட்டமிடல் பொறியாளராகப் பணிபுரிந்த வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் வகுத்த மூன்றாம் அரங்கு, அதாவது வாடகை அரங்கும் விலையுயர்ந்த ஒளியமைப்பும் இல்லாமல் நடிகரின் உடலையும் பார்வையாளரின் அருகாமையையும் மட்டுமே நம்பும் முறை, தமிழிலும் பலரை ஈர்த்தது. செலவு குறைந்தபோது, பணமில்லாதவருக்கும் நாடகம் எட்டியது. கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தலித் அரங்குக்கு வழி திறந்தது. அ. மங்கையின் நாடகங்களில், மேடையில் எதை ஒதுக்கி எதை வைத்துக்கொள்வது என்பதைப் பெண்களே தீர்மானித்தனர்.

பின்புலம் என்பது சாதி, வர்க்கம் என்னும் பெரிய சொற்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. அது உடலில் தங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தவரின் தோள் மேடையில் அரசனாக நிமிரும்போது, அந்த நிமிர்வுக்கு ஒரு முயற்சி தேவைப்படுகிறது. அந்த முயற்சி கண்ணுக்குத் தெரிவதாலேயே, அதுவரை குனிந்திருந்த ஒருவன் அரசனாகும் கதை நம்பத்தக்கதாகிறது. வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய ஆசிரியை, மந்திர ஆலோசனைக் காட்சியில் குரலைத் தாழ்த்தத் தடுமாறுகிறார். ஆனால் ஊர்ச் சபையில் நியாயம் கேட்கும் காட்சியில் அவருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. தேர்ந்த இயக்குநர் இவற்றைக் குறைகளாக எண்ணித் தேய்த்து அழிப்பதில்லை. பாத்திரப் பங்கீட்டிலேயே இவற்றைப் பயன்படுத்துகிறார். தொழில்முறை நடிகர் பல ஆண்டுப் பயிற்சியால் அடைவதைப் பயில்முறை நடிகர் சில வாரங்களில் அடைய முடியாது. ஆனால் பயிற்சியால் அடைய முடியாத ஒன்றை அவர் தம் வேலையிலிருந்து கொண்டுவருகிறார்.

ஆகவே இன்று இயங்கும் நாடகக் குழுக்களின் முன் இவ்விதழ் மூன்று கோரிக்கைகளை வைக்கிறது. முதலாவது, ஒத்திகை நேரத்தைப் பற்றியது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஒத்திகை என்று வைக்கும் குழு, தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்பவரையும், இரவில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரையும், அந்நேரத்தில் அடுப்படியில் நிற்கும் பெண்ணையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. யாருக்கு எந்நேரம் ஓய்வு என்று கேட்டு நேரத்தை வகுப்பது நாடகத்தின் முதல் கலை முடிவாகக் கருதப்பட வேண்டும். இரண்டாவது, செலவைப் பற்றியது. ஊதியம் இல்லை என்பது பயில்முறை நாடகத்தின் பெருமையாக இருக்கலாம். பேருந்துக் கட்டணமும், ஒரு நாள் கூலி இழப்பும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவும் நடிகரின் தலையில் விழுந்தால், அந்தப் பெருமை வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கிட்டும் பெருமையாகிவிடும். நுழைவுச் சீட்டு வருமானத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும் முதலில் ஒதுக்க வேண்டியது இந்தச் செலவையே.

மூன்றாவது, பதிவைப் பற்றியது. பழைய குழுக்களைப் பொறுத்தவரை எழுதியவர், இயக்கியவர், நாயகன், நாயகி ஆகியோரின் பெயர்கள் கிடைக்கின்றன. காவலனாகவும் தோழியாகவும் ஊர்மக்களுள் ஒருவராகவும் நின்றவர்கள் யாவர், என்ன வேலையிலிருந்து வந்தனர் என்பது பெரும்பாலும் அழிந்துபோய்விட்டது. சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதியிராவிட்டால் சுகுண விலாச சபையின் தோழர்களைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்காது. ஒவ்வொரு தயாரிப்பின் துண்டறிக்கையிலும், நடிகர்களின் ஒப்புதலோடு, அவர்களின் தொழிலும் ஊரும் எத்தனையாவது மேடை என்பதும் ஓரிரு வரிகளில் இடம்பெற வேண்டும். ஒப்புதல் தராதவரின் விருப்பம் மதிக்கப்பட வேண்டும். அந்தத் துண்டறிக்கைகளைச் சேகரித்துப் பாதுகாப்பது சிற்றிதழ்களின் கடமை. விமரிசகர்களும் இந்த விவரங்களைப் படித்துவிட்டு எழுத வேண்டும். இரக்கம் காட்டி மதிப்பெண் கூட்டுவதற்காக இல்லை, மேடையில் கண்ட அசைவுக்கும் குரலுக்கும் காரணம் விளங்கிக்கொள்வதற்காக. இது தொடர்ந்து நடந்தால், அடுத்த தலைமுறை எழுதப்போகும் தமிழ் நாடக வரலாற்றில் எழுத்தரும் தையற்காரரும் ஆசிரியையும் பெயரோடும் தொழிலோடும் இடம்பெறுவார்கள்; எவருடைய மாலைகளால் அந்த நாடகங்கள் உருவாயினவோ, வரலாறு அவர்களுக்கும் உரியதாகும்.