ஓராமீன் கண்ட புதுக்கடல்

யாழ்ப்பாணக் கடனீரேரியை அடுத்து வாழும் நம்மவர்க்கு ஓராமீனைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. களங்கட்டியிலும் கூட்டிலும் அகப்படுவது, பாசி மேய்வது, சொதிக்கும் பொரியலுக்கும் உகந்தது, கவனியாது கை வைத்தால் முள்ளாற் குத்தி நெடுநேரம் கடுக்கச் செய்வது. இவ்வளவும் கரையோரச் சிறுவரும் அறிந்தவையே. ஆயினும், இந்த ஓராவின் நெருங்கிய உறவாகிய ஒரு சிறுமீன், தான் பிறந்த கடலை விட்டு, மனிதன் வெட்டிய வாய்க்கால் வழியே வேறொரு கடலிற் குடியேறி, அங்கே கடலடித் தோற்றத்தையே மாற்றிய வரலாற்றை நம்முட் பலர் அறியார். அதனையே இவ்வாரம் நேயர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, எடுத்துக்கூற விழைகின்றோம்.

அம்மீனின் விஞ்ஞானப் பெயர் சிகானஸ் ரிவுலாற்றஸ் என்பதாகும். செங்கடலும் ஏடன் வளைகுடாவும் அதன் தாயகம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடியோ குறைந்தோ வளரும். உடலின் இரு பக்கங்களிலும் சிற்றோடைகள் நெளிந்து ஓடினாற்போன்ற மெல்லிய மஞ்சட் கோடுகள் காணப்படும். முதுகுத் துடுப்பிலே 13 முட்கள். குதத் துடுப்பிலே 7 முட்கள். வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முள்ளும், நடுவே மூன்று மென்கதிர்களும் உண்டு. வயிற்றுத் துடுப்பின் இவ்வமைப்பு ஓராக் குடும்பத்துக்கே உரியது. நம் கடனீரேரி ஓராவைக் கையிலெடுத்துப் பார்ப்பவரும் இதனைக் காணலாம். ஆனால் முட்கள் நஞ்சுடையவை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இம்மீனை விஞ்ஞான உலகுக்கு முதலில் அறிமுகஞ் செய்தவர் பீற்றர் போர்ஸ்கோல் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர். உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லினேயஸின் மாணாக்கர். 1761-ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவில் இவரும் ஒருவராகச் சென்றார். செங்கடற் கரையிலே மீன்களைச் சேகரித்து, செடிகளை ஏட்டிற் பதிப்பது போல, மீனின் ஒருபக்கத் தோலை உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார். கரையோர அரபு மக்கள் இம்மீனுக்கு வழங்கிய 'சிஜான்' என்னும் பெயரிலிருந்தே 'சிகானஸ்' என்னும் விஞ்ஞானப் பெயர் பிறந்தது. வலைஞரின் வாய்ச்சொல் இவ்வாறு உலகம் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. போர்ஸ்கோல் 1763-இல் யேமனிலே காய்ச்சலுற்று, 31 வயதிற் காலமானார். அக்குழுவினருள் உயிருடன் நாடு திரும்பியவர் கார்ஸ்ரன் நீபூர் ஒருவரே. நண்பரின் குறிப்புகளை அவர் 1775-இல் அச்சேற்றினார். போர்ஸ்கோல் தாளில் ஒட்டிய மீன்கள் இன்றும் கொப்பன்ஹேகன் நூதனசாலையிலே பேணப்படுகின்றன.

அக்காலத்திலே செங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே சுயெஸ் நிலப்பாலம் குறுக்கே கிடந்தது. பிரெஞ்சுக்காரரான பேர்டினன்ட் டி லெசெப்ஸ் தலைமையிலே 1859-இல் வெட்டத் தொடங்கிய சுயெஸ் கால்வாய், 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று அதன் நீளம் 164 கிலோமீற்றர். ஆழம் 8 மீற்றர். கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் அதிலே எங்கும் இல்லை. ஒரு கடலின் நீர் மற்றக் கடலுக்குத் தடையின்றிச் செல்லலாம்.

எனினும் மீன்கள் உடனே திரண்டு புறப்பட்டுவிடவில்லை. கால்வாயின் வழியிலே கசப்பு ஏரிகள் எனப்படும் நீர்நிலைகள் உள்ளன. அவற்றின் அடித்தளத்திலே தடித்த உப்புப் படுகை இருந்தமையால், அங்கு நீர் மிகுந்த உவர்ப்புடையதாய்ப் பல உயிர்களுக்கு மதில் போல நின்றது. வட முனையிலோ நைல் நதியின் வெள்ளம் கடலின் உவர்ப்பைக் குறைத்து வேறொரு தடையாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல உப்புப் படுகை கரைந்தது. 1960-களில் அஸ்வான் பேரணை கட்டப்பட்டபின் நைல் வெள்ளமும் அடங்கிற்று. ஒவ்வொரு தடையாக நீங்க, வழி திறந்துகொண்டே வந்தது.

இவ்விடப்பெயர்வை எதிர்பார்த்தோரும் இருந்தனர். சுவிற்சர்லாந்து தேசத்து விலங்கியலாளர் கொன்றாட் கெல்லர் 1882-இல் கால்வாயின் உயிரினங்களை ஆராய்ந்து, மறு ஆண்டிலே நூல் வெளியிட்டார். எவ்வெவ்வுயிர் எங்கு நிற்கின்றது என்று அன்றே குறித்து வைத்தமையால், பின்வந்தோர்க்கு ஒப்புநோக்க ஓர் அளவுகோல் கிடைத்தது. 1902-இல் தில்லியே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், விரல் நீளமுள்ள வெள்ளி நிறச் சிறுமீன் ஒன்று செங்கடலிலிருந்து எகிப்தின் வடகரைக்கு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்தார். கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலை அடைந்த மீன்களுள் முதலிற் பதிவானது அதுவே.

நம் ஓராவின் உறவுமீன் 1924-ஆம் ஆண்டிலே பலஸ்தீனக் கரையிற் பிடிபட்டது. வால்ற்றர் ஸ்ரைனிற்ஸ் என்னும் விலங்கியலாளர் 1927-இல் அச்செய்தியை வெளியிட்டார். கால்வாய் திறந்து 55 ஆண்டுகளின் பின்னர் கிடைத்த பதிவு இது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1924 என்பது அம்மீன் வந்த ஆண்டன்று. அறிந்தவர் ஒருவர் கண்ணில் அது பட்ட ஆண்டு. அதற்கு முன் எத்தனை வலைகளில் ஏறிற்றோ, எத்தனை சந்தைகளிலே பெயர் தெரியாமல் விலைப்பட்டதோ, யார் சொல்ல வல்லார்? ஒரு கரையிலே பழைய மீன் அனைத்தையும் நன்கு அறிந்தவர்க்கே புதிய மீன் புதியதாகத் தோன்றும். மற்றையோர்க்கு அதுவும் கூடையிற் கிடக்கும் மீன்களுள் ஒன்று.

முதற் பதிவு என்பது வெறும் வியப்புச் செய்தியுமன்று. மீனைப் பிடித்த நாள், இடம், ஆழம், வலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முட்களையும் கதிர்களையும் எண்ணவேண்டும். உடலை அளக்க வேண்டும். கிட்டிய இனங்களோடு ஒப்பிட்டு, 'இது அதுவன்று' என நிறுவ வேண்டும். அதன்பின் மீனைக் கெடாத திரவத்திலிட்டு, இலக்கமிட்டு, நூதனசாலையிலே வைக்க வேண்டும். இத்தனை பாடு எதற்கெனில், பெயர்கள் மாறுகின்றன. தில்லியே கண்ட வெள்ளிமீனுக்கே பிற்கால அறிஞர் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு பெயரிட்டு, இறுதியிற் போர்ஸ்கோலின் பெயரால் அதனை வழங்கலாயினர். மாதிரி கையிலிருந்தால் மறுபடியும் பார்த்துத் தெளியலாம்.

ஒரு மீன் அகப்பட்டதனால் மட்டும் இனம் குடியேறிற்று என்றும் கொள்வதற்கில்லை. சினைமீனும் குஞ்சுகளும் ஆண்டுதோறும் கிடைக்கும்போதே அது அக்கடலின் குடியாகிவிட்டது எனத் துணியலாம். சிகானஸ் அவ்வாறே நிலைபெற்றது. அதன் உறவான கருநிற ஓரா இனமொன்றும் பின்தொடர்ந்து வந்தது. 1964-இல் அதுவும் ஏட்டில் ஏறிற்று. அவ்வினம் 2008-இல் பிரான்சின் மார்செய் நகரை அடுத்த கடல்வரை சென்றுவிட்டது.

வந்தவை அங்கே செய்தது என்ன? கிழக்கு மத்தியதரைக் கடலிலே பாசி மேயும் மீன்கள் முன்னர் மிகச் சிலவே. சல்பா என்னும் மீனும் கிளிமீன் இனம் ஒன்றுமே குறிப்பிடத்தக்கவை. ஆகவே பாறைகளின்மேற் கடற்பாசிகள் அடர்ந்த சோலைகளாய் நின்று, எத்தனையோ சிற்றுயிர்களுக்கு வீடாக இருந்தன. புதிய மேய்ச்சற்காரர் கூட்டமாக வந்து இறங்கவே, பல இடங்களிலே பாறை மொட்டையாயிற்று. துருக்கி, கிறீஸ் ஆகிய நாடுகளின் கரையிலே ஆயிரம் கிலோமீற்றர் அளவில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, இவ்விரு இனங்களும் மலிந்த பகுதிகளிலே பெரும்பாசிகள் 65 சதவீதமும், காணப்படும் உயிரின வகைகள் 40 சதவீதமும் குறைந்திருப்பதாகக் கூறுகின்றது. இலெவாந்துக் கரையிலே பழங்குடியான சல்பாவும் அருகிவிட்டது.

வருந்தத்தக்கது யாதெனில், 1924-க்கு முன் அப்பாறைகளில் நின்ற பாசிச் சோலை எத்தகையது என்பதை எவரும் அளந்து வைக்கவில்லை. இழந்தது எவ்வளவு என்பதைச் சரியாகக் கணக்கிட இயலாமைக்கு அதுவே காரணம். வந்தவரின் வருகை நாளைக் குறித்தோம். வீட்டின் முன்னைய நிலையைக் குறிக்கத் தவறினோம் என்ற நிலை அங்குள்ள ஆராய்ச்சியாளர்க்கு.

ஆயினும் இம்மீனைப் பகையென்று மட்டும் தள்ளிவிடலாகாது. சைப்பிரஸ் தீவு மக்கள் அதற்கு 'புரொஸ்பிகூலா' என்று பெயரிட்டனர். 'சின்ன அகதி' என்பது அச்சொல்லின் பொருள். அகதி என்று அழைத்தவர்களே பின்னர் அதனை விரும்பி உண்ணலாயினர். இன்று சந்தையிலே அதற்கு நல்ல மதிப்புண்டு. வலைஞர்க்கு வருவாய் தருவதும், கடலடியை மொட்டையாக்குவதும் ஒரே மீன் என்பதால், நன்மை தீமைகளை ஒரே சொல்லில் முடித்துவிட இயலாதிருக்கின்றது.

இனி, உயிருக்கே உலைவைக்கும் இன்னொரு குடியேறியைப் பார்ப்போம். 2003-ஆம் ஆண்டு துருக்கியின் கோகோவா வளைகுடாவிலே பேத்தை மீன் இனமொன்று முதன்முதலாக அகப்பட்டது. அதுவும் சுயெஸ் வழியாக வந்ததே. நம் கரையிலே பேத்தை வலையில் வந்தால் எறிந்துவிடுவர். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது, உதடு மரத்து, கைகால் சோர்ந்து, மூச்சே அடங்கிவிடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் கேட்டறிந்துள்ளனர். கிழக்கு மத்தியதரைக் கடலோர மக்களுக்கு அந்தப் பட்டறிவு இல்லை. மீன் பெயர்ந்து சென்றதேயன்றி, அதனைப்பற்றிய பாட்டிமாரின் எச்சரிக்கை உடன்செல்லவில்லை. இஸ்ரேலில் 2005 முதல் 2008 வரை 13 பேர் இம்மீனை உண்டு நஞ்சேறியவராக மருத்துவ ஏடுகளிற் பதிவாயினர். ஆராய்ச்சியாளரின் சிறு பதிவினால் அரசாங்கங்களும் மருத்துவர்களும் விழிப்படைந்து, விற்பனையைத் தடைசெய்யவும், மக்களுக்குப் படங்காட்டி எச்சரிக்கவும் முடிந்தது. பாட்டி சொல்லாத இடத்திலே பதிவேடு சொல்ல வேண்டியதாயிற்று.

இவ்வாறு கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலை அடைந்த மீனினங்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை. இந்நிகழ்ச்சியை 'லெசெப்சிய இடப்பெயர்வு' என்று அழைக்கும் வழக்கத்தைப் பிரான்சிஸ் டோவ் போர் என்னும் விலங்கியலாளர் ஏற்படுத்தினார். 1978-இல் அப்பெயராலேயே ஒரு நூலும் எழுதினார். 8 மீற்றராயிருந்த கால்வாயின் ஆழம் இப்பொழுது 24 மீற்றர். 2015-இல் ஒரு பகுதிக்கு இரண்டாம் வழியும் வெட்டித் திறந்துவிட்டனர். கடல்நீரும் வெப்பமேறி வருகின்றது. ஆதலால் வெப்பக்கடல் மீன்கள் மேலும் மேலும் மேற்கே செல்வதற்கு வாய்ப்பு மிகுதி.

நமக்கு இதனாற் பயன் யாது என்று சிலர் கேட்கலாம். நம்மைச் சூழ்ந்துள்ளதும் கடலே. அயலூர்க் கப்பல்கள் தம் அடிவயிற்றிலே நிரப்பி வரும் நிலைப்பாட்டு நீரோடும், வெப்பமாறும் நீரோட்டங்களோடும் புதிய உயிர்கள் எக்கரைக்கும் வரக்கூடும். அவற்றை அடையாளங் காண்பதற்கு வேண்டிய அறிவு, முதலில் நம் கரையோரக் குடும்பங்களின் நாவிலேதான் இருக்கின்றது. ஓரா என்று ஒரே சொல்லால் நகரத்தார் வாங்கிச் செல்வதையே, தொழில் தெரிந்தவர் புள்ளியும் கோடும் நிறமும் பார்த்து வகை வகையாகப் பிரித்துச் சொல்வர். அப்பெயர்களை எழுதி வைக்காவிட்டால், அவற்றைச் சொல்லும் முதியவரோடு அவையும் போய்விடும்.

ஆகவே, கரையோரத்து மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் துறையில் வந்திறங்கும் மீன்களின் பெயர், பிடிபட்ட நாள், இடம், வலை ஆகியவற்றை வாரத்துக்கொரு முறையேனும் குறித்து வாருங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள், மீனின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்துப் படமும் எடுக்கலாம். இக்காலத்திலே மத்தியதரைக் கடலின் முதற் பதிவுகள் பல, வலைஞரும் சுழியோடிகளும் எடுத்த படங்களிலிருந்தே கிடைக்கின்றன. பெரியவர் ஒருவர் என்றேனும் வலையை உதறிவிட்டு, 'இப்படியொரு மீனை நான் ஒருநாளும் கண்டதில்லை' என்று சொன்னால், அந்த மீனைக் கறிச்சட்டிக்குப் போகவிடாமல் வாங்கிப் பனிக்கட்டியில் வையுங்கள். முட்களைத் தொடாமல் எண்ணுங்கள். பின்னர் உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடமோ, அண்மையிலுள்ள பல்கலைக்கழக விலங்கியற்றுறையிடமோ, நாளையும் இடத்தையும் எழுதிய துண்டோடு அதனைச் சேர்ப்பியுங்கள்.