‘எங்கள் பரம்பரை அப்படி’ என்று சொல்லும் முன்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சியில் மாரத்தான் ஓட்டம் ஒன்று ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. முன்னணியில் ஓடியவர்கள் எல்லோரும் கென்யாவையும் எத்தியோப்பியாவையும் சேர்ந்தவர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் மகளிடம், “அவங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கும்மா” என்றார். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே மகள் சொன்னார்: “நமக்கு ரத்தத்துல சர்க்கரைதான் இருக்குப்பா.” அருகிலிருந்தோர் சிரித்தனர்; நாங்களும் சிரித்தோம்.

ஆயினும் அந்த இரு வாக்கியங்களும் எங்களை விட்டு அகலவில்லை. ஏனெனில் அவை இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள். அவர்களுக்கு வெற்றி பிறப்பிலேயே அமைந்தது. நமக்கு நோய் பிறப்பிலேயே அமைந்தது. இடையில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அந்த நம்பிக்கை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனப் பல ஊர்களிலிருந்து எங்களிடம் வரும் குடும்பங்கள் பலவற்றிலும் இதைக் கேட்கிறோம். “எங்கள் பரம்பரையே அப்படி, டாக்டர்” என்று தொடங்கும் உரையாடல், பெரும்பாலும் “நடந்து என்ன ஆகப்போகிறது?” என்று முடிகிறது. பரம்பரை பற்றிய பேச்சு பாதி உண்மை. மீதிப் பாதி எது என்பதை அந்த ஓட்டக்காரர்களின் கதையைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

உடலின் பங்கு

முதலில் உடலுக்குரிய பங்கை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். ஸ்வீடனைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்டினும் அவருடைய குழுவினரும் கென்ய ஓட்டக்காரர்களை ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே வேகத்தில் ஓடும்போது கென்யர்கள் குறைந்த ஆக்சிஜனையே செலவிட்டனர். அவர்களுடைய கெண்டைக்கால்கள் மெலிந்தவை. ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்க வேண்டிய எடை குறைவு.

அடுத்தது மலை. கென்ய ஓட்டக்காரர்களின் பயிற்சிக் களமான இட்டன் என்னும் சிற்றூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. எத்தியோப்பியாவின் பெகோஜி அதைவிட உயரமானது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. அதை உணரும் சிறுநீரகங்கள் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது.

இந்தப் பெயர் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் குடும்பங்களுக்குப் புதிதன்று. சிறுநீரகம் பழுதடையும்போது இந்தச் சுரப்பு குறைந்து ரத்தசோகை ஏற்படுகிறது; அதற்காகவே ஊசி வழியாக இந்த ஹார்மோனைத் தருகிறோம். அதே ஊசியை, நோயே இல்லாத விளையாட்டு வீரர்கள் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வதும் உண்டு. பாஸ்டன், சிகாகோ மாரத்தான்களில் வென்ற கென்ய வீராங்கனை ரீட்டா ஜெப்டூ, 2014இல் இந்த மருந்துச் சோதனையில் பிடிபட்டுத் தடை செய்யப்பட்டார். தேவையற்ற உடலில் அது ரத்தத்தைத் தடிக்கச் செய்து, உறைகட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டும். கிழக்கு ஆப்பிரிக்க ஓட்டத்தின் இந்த நிழற்பகுதியை மறைப்பது முறையன்று. எல்லா வெற்றியையும் இதன் கணக்கில் எழுதுவதும் முறையன்று.

உடலும் மலையும் மட்டுமே போதுமா?

மலையின் உயரம் மட்டுமே போதுமென்றால், நம் உதகமண்டலம் இன்னோர் இட்டனாகியிருக்க வேண்டும். உதகையும், 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில் உள்ளன. நேபாளத்திலும் பெரு நாட்டிலும் இதைவிட உயரமான ஊர்கள் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் உலக மாரத்தான் வெற்றியாளர்கள் இவ்வாறு திரண்டு எழவில்லை.

ரத்தம் பற்றிய பேச்சும் வெற்றியாளர்களின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறது. 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்பது தங்கம் வென்ற பாவோ நூர்மி, பின்லாந்துக்காரர். அந்நாளில் நெடுந்தூர ஓட்டம் பின்லாந்தினரின் பிறவிக் குணம் என்று பேசப்பட்டது. 1960இல் எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா ரோம் நகர வீதிகளில் வெறுங்காலுடன் ஓடி மாரத்தானில் வென்ற பின், அந்தப் பிறவிக் குணம் மெல்ல ஆப்பிரிக்காவுக்கு இடம் மாறியது. அதற்குரிய மரபணுவை யானிஸ் பிட்சிலாடிஸ் என்ற அறிவியலாளர் பல ஆண்டுகள் தேடினார். வெற்றியை விளக்கும் ஒற்றை மரபணு எதுவும் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கொரு சோதனை நடந்ததுண்டு. கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1980களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் இச்சமூகத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதியில் தங்கவைத்துத் தடகளப் பயிற்சி அளித்தது. ஆப்பிரிக்க ரத்தம் பதக்கம் கொண்டுவரும் என்பதே எதிர்பார்ப்பு. சிலர் தேசிய அளவில் வென்றனர். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நின்றுபோனது. பிள்ளைகள் ஊர் திரும்பினர். அவர்கள் ரத்தம் மாறிவிடவில்லை. நின்றது உணவும் பயிற்சியும் துணையும்தான். அவற்றோடு ஓட்டமும் நின்றது.

இதற்கு நேர்மாறான சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. புதுக்கோட்டை, மலையும் குளிரும் இல்லாத வறண்ட சமவெளி. அந்த மண்ணிலிருந்து வந்த கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த சூர்யா, 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் அதே இரு ஓட்டங்களில் தங்கம் வென்றார். இருவருக்கும் பயிற்சி அளித்தவர் ஒருவரே: லோகநாதன். ஓர் ஆசிரியரும், கூடி ஓடும் ஒரு குழுவும், விடாத பழக்கமும் சேர்ந்தால் சமவெளியிலும் நெடுந்தூர ஓட்டம் விளையும்.

அவர்கள் உண்மையில் செய்வது

கென்ய, எத்தியோப்பிய ஓட்டக்காரர்கள் பலர் சிறு வயதில் பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்தும் ஓடியும் சென்றவர்கள். எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசி ஓடும்போது அவருடைய இடக்கை சற்று மடங்கியே இருக்கும். புத்தகங்களை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய நாட்களின் அடையாளம் அது என்பார்கள். நம் நாட்டின் அவினாஷ் சாப்ளேயும் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பேருந்து வசதியின்றி நடந்தும் ஓடியும் படித்தவர். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், கென்யர்களின் கோட்டையான 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் அவர் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற கென்யருக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு.

வறுமை ஒரு வரம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பள்ளிக்கு ஓடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தப் பதக்கமும் பெறவில்லை. நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அவர்கள் பயிற்சியின் பெரும்பகுதி மெதுவான ஓட்டம். விடியற்காலையில் ஏறக்குறைய நடையின் வேகத்திலேயே தொடங்கி, உடல் சூடேறிய பின்னரே விரைகிறார்கள். மற்றொன்று, அவர்கள் தனியே ஓடுவதில்லை. 2019இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தார். அவரைச் சூழ்ந்து முறைவைத்து ஓடி, காற்றைத் தடுத்து, வேகத்தைக் காத்துக் கொடுத்த துணை ஓட்டக்காரர்கள் 41 பேர். அதனாலேயே அது அதிகாரபூர்வ உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. எங்களுக்கோ அந்த நாளின் சிறப்பே அந்த 41 பேர்தான்.

நம் வீட்டுக்கு வருவோம்

சர்க்கரை நோய்க்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எவ்வளவு என்பதற்குச் சென்னையே சான்று தந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பின்தொடர்ந்த ஆய்வு அது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்து வலியுறுத்தப்பட்ட பிரிவில் 100க்கு 39 பேருக்கு வந்தது. அந்த 39 பேரை மறைக்க வேண்டியதில்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் அந்த மூன்று ஆண்டுகளில் நோயிலிருந்து தப்பியது, மாத்திரை இல்லாமல், பழக்கத்தால்.

பராமரிப்பாளர்களுக்கு ஒன்றை உரிமையோடு சொல்ல விரும்புகிறோம். இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் தண்ணீர் எடுக்க எழுந்தாலே, “நீங்கள் உட்காருங்கள், நான் கொண்டுவருகிறேன்” என்று தடுக்கும் வீடுகள் பல. அன்பினால் செய்வதுதான். ஆயினும் மருத்துவர் அனுமதித்த நடையையும் தடுக்கும் அன்பு, நோயாளியின் தசையையும் தன்னம்பிக்கையையும் மெல்லத் தேய்த்துவிடுகிறது. அவருக்குப் பதிலாக நடக்காதீர்கள், அவருடன் நடங்கள். மாதக்கணக்கில் மருத்துவமனை பெஞ்சில் உறங்கி, நேரத்துக்கு உண்ணாமல், தம் ரத்த அழுத்தத்தையே மறந்துவிட்ட பராமரிப்பாளர்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அந்த நடை உங்களுக்கும் மருந்து.

இடமில்லை என்ற குறை நியாயமானதே. சி.டி.எச். சாலையின் ஓரத்திலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்திலும் முதியவர் ஒருவர் அச்சமின்றி நடக்க முடியாது. எனினும் ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு ஏரிக் கரையில் நடைபாதை இருக்கிறது. தெருவுக்குள்ளே இரு முனைகளுக்கிடையே நடக்கலாம், மாடியிலும் நடக்கலாம். தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் விடியலில்தான் நடக்க வேண்டும் என்ற விதியுமில்லை. உறங்கி எழுந்த பின் மாலையில் நடக்கலாம்.

வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும். பாட முடியாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்பது பொதுவான இலக்கு. நோயிலிருந்து மீள்பவர் ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். தொடங்கும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நின்றுவிடுங்கள். குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள். பிகிலாவின் வெறுங்காலை மட்டும் பின்பற்ற வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் செருப்பின்றி நடக்கலாகாது. கோயில் பிரகாரத்தைச் சுற்றுவோர் கல் சூடேறாத வேளையில், காலுறை அணிந்து சுற்றலாம்; வீடு வந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிகிலாவின் கதையில் பலர் அறியாத பகுதி ஒன்று உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குச் சில வாரங்கள் முன்பு அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்னும் ஓடி மீண்டும் வென்றார். 1969இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தன. அதன் பின் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து இங்கிலாந்தில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். ஓட முடிந்த உடல் போய்விட்ட பின்னும், இருக்கும் உடலைக் கொண்டு அவர் பயிற்சியைத் தொடர்ந்தார்.

எங்கள் இயன்முறைப் பிரிவில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்கிறோம். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள் என்பதே கணக்கு, யாரோடும் போட்டியில்லை. மருத்துவரின் ஒப்புதலோடு ஒரு முறை செய்துகொண்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் நடைக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதற்குப் பக்கத்தில், அன்று உங்களோடு நடந்தவரின் பெயரையும் எழுதி வையுங்கள்.