பெத்தகல் பங்களாவும் எங்க தொட்டிக்கட்டு வீடும்

போன வாரம் கோத்தகிரி போயிட்டு வந்தேன் மக்களே. ஊர் சுத்திப் பார்க்க இல்லீங்க, ஒரே ஒரு வீட்டைப் பார்க்க. கோத்தகிரியிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி கன்னேரிமுக்குன்னு ஒரு படுகர் ஊர். அங்கே சிவப்பு பெயின்ட் அடிச்ச ஒரு பங்களா. பெத்தகல் பங்களான்னு பேரு. சல்லிவன் நினைவகம்னு கேட்டாலும் வழி சொல்வாங்க.

"நெருப்பெரிச்சல்காரனுக்கு அங்கென்ன வேலை?"ன்னு கேக்கறீங்களா? இருக்கு. ஜான் சல்லிவன் 1830 வரைக்கும் கோயம்புத்தூர் கலெக்டர். திருப்பூர் தனி மாவட்டம் ஆனதே 2009-ல தானே? அதுக்கு முன்னாடி நாமெல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம். நீலகிரியும் அந்தக் காலத்துல கோவையோடதான் இருந்தது. ஆக, எங்க பாட்டன் பூட்டன் வரி கட்டின கலெக்டரோட வீடு அது!

1819 ஜனவரியில மலையேறின மனுஷன், அதே வருஷம் திம்பட்டிப் பக்கம் இந்த வீட்டைக் கட்டினார். நீலகிரியில வெள்ளைக்காரர் கட்டின முதல் வீடு இதுதான்னு சொல்றாங்க. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு ரோடு போட ஏற்பாடு பண்ணினார், 1823-ல முடிஞ்சது. அப்புறம் தோடர்கள்கிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி ஊட்டியில கல் பங்களா கட்டினார். கடைசியா மனைவியையும் மகளையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில விட்டுட்டு 1841-ல ஊருக்குக் கப்பல் ஏறினார். இவ்ளோதான் ஹிஸ்டரி, கொட்டாவி விடாதீங்க.

எனக்கு உறைச்ச விஷயம் வேற. ஊட்டி கல் பங்களாவுக்குப் பிழைக்க ஒரு வழி கிடைச்சது. சர்க்கார் ஆபீஸா இருந்து, 1955-ல கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் வந்து, இன்னைக்கும் உழைச்சுச் சாப்பிடுது. பெத்தகல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரொம்ப காலம் பாழடைஞ்சு கிடந்தது. 2000-களோட தொடக்கத்துலதான் மாவட்ட நிர்வாகமும் உள்ளூர் ஆர்வலர்களும் சேர்ந்து சரி பண்ணினாங்க. இப்ப பழைய படங்கள், மலைவாழ் மக்களோட புழங்கு சாமான்கள்னு சின்னதா ஒரு மியூசியம். இடிஞ்சு கிடந்த சுவரைப் பார்த்து "இது யாரோட வீடு தெரியுமா?"ன்னு சொல்ல நாலு பேர் இருந்தாங்க. கலெக்டர்ங்கறதால காகிதத்துல எழுதியும் இருந்தது. அதனாலதான் அது பங்களா. இல்லேன்னா வெறும் கல்லு மண்ணு.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். எங்க நெருப்பெரிச்சல் 2011-ல மாநகராட்சிக்குள்ள போனதுக்கு அப்புறம், காலி இடம்னு கண்ணுல பட்டா அடுத்த மாசம் அங்கே ஒரு ஷெட் நிக்குது. நிட்டிங் மெஷின் சத்தம், பனியன் பண்டல், டெம்போ. தப்பு சொல்லலீங்க, நானும் அந்தச் சோறுதான் திங்கறேன். எங்க அப்பாரு காலத்துத் தொட்டிக்கட்டு வீடும் இப்ப அந்த வரிசையில நிக்குது. குடோனுக்கு விட்டா மாசா மாசம் வாடகை. வீடாவே வெச்சிருந்தா வருஷா வருஷம் ஓடு மாத்தற செலவு. பங்காளிகள் அஞ்சு பேர்ல நாலு பேர் "இடிச்சிரலாம்"ங்கறாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியலை. "பாரம்பரியம்"னு சொன்னா, "அப்ப ஓட்டுக்கு நீயே காசு குடு"ம்பாங்க. நியாயம்தானே?

ஆனா ஒண்ணு. கன்னேரிமுக்குல நின்னு பார்த்தப்போ எனக்கு ஒரு குறையும் தெரிஞ்சது. சல்லிவன் பேர் இருக்கு. அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவங்க பேர் எங்கே? ஒரு ரூபாய் வாங்கிட்டு மேய்ச்சல் நிலத்தை விட்டுக் கொடுத்த தோடர் பேர் என்ன? அதே கேள்வியை எங்க வீட்டைப் பார்த்துக் கேட்டா நான் தலை குனியணும். கிணறு வெட்டினவங்களை, பண்ணையத்துல பாடுபட்டவங்களைத் திண்ணை மேல ஏற விடாம வாசல்லயே நிக்க வெச்சுக் கஞ்சி ஊத்தின வீடு அது. "ஆஹா, அந்தக் காலத்து வீடு, ஆசாரத்துல என்ன காத்து"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா அது பாதி உண்மைதான்.

அதனால என் கட்சி இதுதான். எல்லாப் பழைய வீட்டையும் காப்பாத்த முடியாது. காப்பாத்தணும்னும் இல்லை. முடிஞ்சா அதுக்கு ஒரு வேலை கொடுங்க. முடியலைன்னா, ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி அதை எழுதி வைங்க. யார் கட்டினது, மரம் எங்கிருந்து வந்தது, யார் எந்த வாசல் வழியா வந்தாங்க, யார் வரவே முடியலை... எல்லாத்தையும். கலெக்டர் வீட்டை எழுத சர்க்கார் இருந்தது. நம்ம வீட்டை எழுத நம்மளை விட்டா நாதியில்லை.

நாளைக்குக் காலையில நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு எங்க பெரியம்மாகிட்ட போறேன். எண்பது தாண்டியாச்சு, ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. கிணறு வெட்டினவங்க பேர் அவங்களுக்குத் தெரியும்னு நம்பறேன்.

டிஸ்கி: பதிவர் பெருமக்களே, உங்க ஊர்ல இடிக்கப் போற ஒரு வீட்டைப் பத்தி ஆளுக்கொரு பதிவு போடுங்களேன். மொக்கையா இருந்தாலும் பரவால்லை!