மாஸ்டர் யார்? கிளாஸ் எது?

சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. 'மாஸ்டர் கிளாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இது வாழ்வுக் காலம். போட்டித் தேர்வுக்கு மாஸ்டர் கிளாஸ், ஆங்கிலப் பேச்சுக்கு மாஸ்டர் கிளாஸ், மணப்பெண் அலங்காரத்திற்கு மாஸ்டர் கிளாஸ் எனச் சுவரிலும் செல்பேசியிலும் இச்சொல்லே கண்ணில் படுகிறது. சாதாரண வகுப்புக்கு ஒரு கட்டணம், 'மாஸ்டர்' சேர்ந்தால் அதைவிடக் கூடுதல் கட்டணம். நூற்பாலையிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலும் உழைத்துவரும் பெற்றோரின் கூலியிலிருந்துதான் நம்மில் பலர் அதைக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே அச்சொல்லின் பொருள் என்னவென்று கேட்பது வெறும் அகராதி ஆராய்ச்சி அன்று.

முதலில் 'மாஸ்டர்' என்பதைப் பார்ப்போம். இலத்தீன் மொழியின் 'மஜிஸ்டர்' என்ற சொல் இதன் மூலம். அதுவே போர்ச்சுக்கீசிய மொழியில் 'மெஸ்த்ரே' ஆகி, கப்பலேறித் தமிழ்நாடு வந்து 'மேஸ்திரி' ஆயிற்று. அதே குடும்பத்தில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தவர் மாஜிஸ்திரேட்டு. கட்டடத்தில் மேஸ்திரி, கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டு, கடையில் டீ மாஸ்டர் ஆகிய மூவரும் ஒரே பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள் என்றால் வியப்பாக இல்லையா? நாம் படித்துப் பெறத் துடிக்கும் எம்.ஏ. பட்டத்திலும் இந்த மாஸ்டரே இருக்கிறார். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் அப்பட்டம் பெற்றவர் பிறருக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர் எனக் கருதப்பட்டார். (இன்று எம்.ஏ. முடித்தவுடன் கற்பிக்க முடியுமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்!)

நம் மக்கள் இச்சொல்லை எடுத்தாண்ட விதம் பாராட்டத்தக்கது. புரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என்று கை தேர்ந்தவரை மட்டுமே அவர்கள் மாஸ்டர் என்றார்கள். மாவை வீசத் தெரியாதவரை, அவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், எந்தக் கடையிலும் மாஸ்டர் என்று அழைக்க மாட்டார்கள்.

இனி 'மாஸ்டர் கிளாஸ்'. இசையுலகில் இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் ஹங்கேரியில் பிறந்த பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட். 1869 முதல் 1886-ல் மறையும் வரை, ஆண்டின் ஒரு பகுதியை ஜெர்மனியின் வைமர் நகரில் கழித்து, தம்மை நாடி வந்த இளைஞர்களுக்கு அவர் கற்பித்தார். மாணவர் ஒருவர் பியானோவில் அமர்ந்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிலும் இருந்து கேட்பார்கள். லிஸ்ட் இடைமறித்துத் திருத்துவார், தேவையானால் தாமே வாசித்தும் காட்டுவார். ஒருவருக்குச் சொன்ன திருத்தம் அனைவருக்கும் பாடமாயிற்று. இதற்காக அவர் கட்டணம் வாங்கவில்லை என்பதை நம் சுவரொட்டிக்காரர்கள் அறிவார்களா என்று தெரியவில்லை. பின்னாளில் ஓப்ரா பாடகி மரியா காலஸ் நியூயார்க் நகரின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் 1971-72-ல் நடத்திய வகுப்புகளும் இவ்வகையினவே.

ஆக, மாஸ்டர் கிளாஸில் முதலில் செய்து காட்ட வேண்டியவர் மாணவர். மாஸ்டர் பேசுவது பிறகுதான். இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இன்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெட் விமர்சகர்கள் நல்ல ஆட்டம் ஒன்றைக் கண்டாலே 'பேட்டிங் மாஸ்டர் கிளாஸ்' என்று எழுதுகிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் எதுவும் கற்பிக்கவில்லை. அமெரிக்காவில் 2015-ல் இப்பெயரையே சூட்டிக்கொண்டு வந்த நிறுவனம் புகழ்பெற்றவர்களின் உரைகளைப் படம்பிடித்து விற்கிறது. அவை பயனுள்ளவையாக இருக்கலாம். ஆனால் திரையில் உள்ளவர் நம் தவற்றைப் பார்க்க முடியாதே! இரண்டு மணி நேரம் ஒருவர் பேச, முந்நூறு பேர் கேட்டுச் சான்றிதழோடு வீடு திரும்புவதற்கு 'சொற்பொழிவு' என்று நல்ல தமிழ்ப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அப்பெயருக்குக் கூடுதல் கட்டணம் கிடைக்காது என்பதுதான் சங்கடம் போலும்.

வெறுமனே கேட்பதால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நம் நன்னூலே கணக்குச் சொல்லியிருக்கிறது. அதன் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கூறும் கருத்து இது: ஆசிரியர் உரைப்பதைச் சரியாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கு கைகூடும். இலக்கணம் எழுத வந்தவர் எத்தனை பெரிய உளவியல் அறிஞர்! கட்டணத்தையும் இக்கணக்குப்படி வாங்கினால் நமக்கு மிச்சம்.

நம்மூரில் உண்மையான மாஸ்டர் கிளாஸ் இல்லையா எனில், உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்வோம். பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு பொருள் இல்லை. எப்போது அடுப்பிலிருந்து இறக்குவது என்பதில்தான் வித்தை முழுதும் இருக்கிறது. அந்தப் பதத்தை எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. கிண்டுகிறவனின் பக்கத்தில் ஒரு மாஸ்டர் நின்று, "இப்ப இறக்கு" என்று சொல்ல வேண்டும். ஆண்டாள் திருக்கரத்தில் நாள்தோறும் புதிதாகச் சாத்தப்படும் இலைக்கிளியும் இவ்வாறே கைவழி வந்த கலை.

ஆனால் இப்பழைய முறையைப் போற்றிவிட்டு நின்றுவிடுவதும் நேர்மையாகாது. கைவேலைக் கல்வி பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தது. பட்டறைச் சிறுவன் திட்டும் குட்டும் வாங்கி, மாஸ்டர் சொல்லாததைக் கண்ணால் திருடித்தான் கற்றான். கதவைத் திறந்துவைத்து, ஒருவனைத் திருத்தும்போது அனைவரும் கேட்கட்டும் என்ற ஏற்பாடு அங்கே குறைவு. அரசுக் கல்லூரி திறந்துவைத்திருப்பது அந்தக் கதவைத்தான். நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள்.

அப்படியிருந்தும் நம் வகுப்பறையில் நடப்பது என்ன? பேராசிரியர் வினாக் கேட்டால் எழுபது தலைகள் குனிகின்றன. விடை தெரியாததால் அன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகினால் பின் வரிசையிலிருந்து சிரிப்பு வரும் என்ற அச்சத்தால். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கல்லூரியில் மூன்றாண்டுகள் வாய் திறவாதவர்களே, பிறகு பணம் கட்டி வெளியே வாய் திறக்கக் கற்கப் போகிறார்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு துறையிலும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மாணவர் எழுந்து வந்து ஒரு பத்தியை மொழிபெயர்க்கட்டும், ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடட்டும். அவரை நடுவில் நிறுத்தி, அங்கேயே, எல்லோரும் கேட்கத் திருத்துங்கள். அடுத்த வாரம் அதே பாடத்தை அவரே எங்களுக்கு நடத்தட்டும். மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அது இன்னும் சிறியது. அந்த ஒரு மணி நேரம் பின் வரிசை சிரிக்காமல் இருக்கட்டும்.