டி.எம்.எஸ். குரல் எலிக்குரலா?

கல்யாண மண்டபங்களில் புது வினை ஒன்று கிளம்பியிருக்கிறது. ரிசப்ஷன் மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் கையுமாக நிற்கும் டி.ஜே. தம்பிகளில் சிலர், பழைய பாட்டைப் போட்டாலும் குதிரைப் பாய்ச்சலில்தான் போடுகிறார்கள். கணீரென்று ஒலிக்க வேண்டிய டி.எம்.சௌந்தரராஜன் குரல் கீச்சுக்கீச்சென்று வருகிறது. முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "செட்டு ரிப்பேர் போலிருக்கு" என்று பந்திக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.

செட்டு ரிப்பேர் இல்லை. வேகத்தைக் கூட்டும் ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியதால் வந்த கூத்து இது!

வேகத்தை மாற்றுவதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாளம் தப்பாமல் தாவுவதுதான் டி.ஜே.யின் தொழிலே. 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 இசைத்தட்டு மெஷினிலேயே வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றி இறக்க ஸ்லைடர் உண்டு. இன்று மென்பொருளின் திரையில் இருப்பதும் அதன் வாரிசுதான். ஆனால் 8-ல் நிற்பதில்லை. 16, 50 என்று கேட்ட மட்டும் இடம் கொடுக்கிறது. வந்தது வம்பு!

கட்டை ஏறுகிறது

கணக்கு இதுதான். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். நிமிஷத்துக்கு 100 தட்டு ஓடும் பாட்டை, 112 தட்டுப் பாட்டோடு ஒட்ட வேண்டுமா? 12 சதவீதம் ஏற்ற வேண்டும். ஒரு கட்டையில் பாடியது இரண்டு கட்டைக்குப் போய்விடும். நாலு நிமிஷப் பாட்டு 26 விநாடி முன்னாலேயே முடிந்துவிடும். நேரம் போனால் போகட்டும், பாடியவர் ஆளே மாறிவிடுகிறாரே! 33 சுற்று இசைத்தட்டை 45-ல் ஓட்டிவிட்டுப் பையன்கள் சிரிப்பார்களே, அதே சமாசாரம்தான்.

இதற்கு மருந்தும் அதே திரையில் இருக்கிறது. சில மென்பொருளில் 'கீ லாக்' என்று பெயர். சிலதில் 'மாஸ்டர் டெம்போ'. அதை அமுக்கினால் வேகம் மட்டும் கூடும், சுருதி இருந்த இடத்திலேயே நிற்கும். ஒரே ஒரு பித்தான்! அதை அமுக்கக்கூடவா கை வரவில்லை?

அமுக்கியாச்சு, இனி எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். மென்பொருள் ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கி, சிலதை விட்டு, மீதியை ஒட்டித் தருகிறது. கொஞ்சம் என்றால் காதுக்குத் தெரியாது. அளவு மீறினால் தவில் அடி மழுங்கும், குரல் நடுங்கும். அவ்வளவு தூரம் இழுக்க வேண்டிய பாட்டை இழுக்காமல், முழுசாக ஓடி முடியவிட்டு அடுத்ததைப் போட்டால் யார் அடிக்கப் போகிறார்கள்?

"இதுவும் ஒரு ஸ்டைல்தான் சார்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. ஸ்டைல் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டி.ஜே. ஸ்க்ரூ என்பவர் 1990-களில் பாட்டுகளை வேண்டுமென்றே மெதுவாக்கி, குரலைக் கனக்க வைத்து, கேசட் கேசட்டாக விற்றார். கேட்டவர்களும் அதற்காகவே தேடி வாங்கினார்கள். அவர் தெரிந்து செய்தார். இங்கே நடப்பது அவசரம்!

பாடகர் கதி

இதில் உண்மையாக அடிபடுபவர், டிராக்கோடு சேர்ந்து பாட வரும் மெல்லிசைக் குழுப் பாடகர். டிராக்கின் வேகத்தைக் கூட்டிவிட்டு லாக் போட மறந்தால், அவர் ஒரு கட்டை மேலே ஏறிக் கத்த வேண்டும். குரல் பிசிறினால் சபை சிரிப்பது அவரைப் பார்த்துத்தான். லேப்டாப்பைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கல்யாண வீட்டார் அட்வான்ஸ் கொடுக்கும்போது லைட் எத்தனை, பாக்ஸ் எத்தனை என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். கூடவே, "பழைய பாட்டு ஒண்ணு போட்டு, வேகத்தைக் கூட்டிக் காட்டு தம்பி" என்றும் கேட்கலாம். அரை நிமிஷ வேலை.