அட்டவணையில் மறையும் பொருள்கள்

சொற்பட்டியல் ஒன்றைக் கோப்பிலிருந்து படித்துத் தேடல் அட்டவணையாக்குவது, கணினிவழி மொழியாய்வின் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று. பைத்தானில் சில வரிகள் போதும். ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் பிரித்து, சொல்லைத் திறவுச்சொல்லாகவும் பொருளை அதன் மதிப்பாகவும் வைத்தால் அட்டவணை ஆயத்தமாகிவிடும். வெறும் தொழில்நுட்ப வேலையாகக் கருதப்படும் இவ்வரிகளில் அகராதியியல் சார்ந்த முடிவொன்றும் எடுக்கப்படுகிறது. அதை எடுப்பவர் ஆய்வாளர் அல்லர் என்பதே சிக்கல்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய கொச்சி அரசைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1956இல் கேரளம் உருவானபோது அதனுள் அமைந்தது. தமிழும் மலையாளமும் இங்கு அருகருகே புழங்குகின்றன. ‘வெள்ளம்’ என்பது இன்றைய தமிழில் பெரும்பாலும் நீர்ப்பெருக்கு. மலையாளத்தில் குடிநீரும் வெள்ளமே. ‘பட்டி’ தமிழில் சிற்றூர் அல்லது கால்நடை அடைக்கும் இடம், மலையாளத்தில் நாய். இத்தகைய பகுதியில் திரட்டிய சொற்களைத் தமிழ் எழுத்தில் பதிந்தால், ஒரே வடிவம் இரண்டு வரிகளில் வருவது இயல்பு. ஆனால் பைத்தானின் அட்டவணை ஒரு திறவுச்சொல்லுக்கு ஒரு மதிப்பையே ஏற்கும். பின்னால் வரும் வரி முன்னதை அழித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. எப்பொருள் எஞ்சும் என்பதைக் கோப்பின் வரிசையே தீர்மானிக்கிறது.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் பதிய இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இருவேறு திறவுச்சொற்கள். முன்னதில் இரு பொருள்கள் ஒன்றாகக் குறைகின்றன. இதில் ஒரு சொல் இரண்டாகப் பிளவுபடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரே வடிவுடைய வேறு சொற்களை எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளாக வைத்தது. அச்சுக்கோத்த காலத்தில் காக்கப்பட்ட இவ்வேறுபாட்டைக் கணினிக் காலம் இழப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

தீர்வு கடினமன்று. படிக்கும்போதே யூனிகோட் வடிவத்தை ஒருமைப்படுத்த வேண்டும். மதிப்பாக ஒற்றைப் பொருளுக்கு மாறாகப் பொருள்களின் பட்டியலை வைத்து, ஒவ்வொன்றுடனும் ஊரையும் மொழிச்சூழலையும் குறிக்க வேண்டும். கோப்பில் இருந்த வரிகள் எத்தனை, அட்டவணையில் சேர்ந்த பதிவுகள் எத்தனை என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும்.

எல்லைப்புறப் பேச்சில் இரு பொருள்களும் ஒருங்கே வாழ்கின்றன. அட்டவணை ஒன்றை மட்டும் காட்டினால், அது களத்தின் உண்மையன்று. வரிசையின் விளைவு மட்டுமே.